பிளேன்ரீ வாங்கப் போன பிள்ளைகள்

ஓ.எல். எழுதி முடித்த பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் காலம். பிள்ளைகள் கையில் போனும் பெற்றோர் கையில் பேனாவும் இருக்கின்றன போலும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ரெயினிங்' பற்றியவை. சினிமாவும் அரசியலும் அடுத்த முறை.

கேள்வி: மகனை இரண்டு கிழமை ஒரு கந்தோருக்கு ரெயினிங் அனுப்பினோம். பிளேன்ரீ வாங்கவும் போட்டோக்கொப்பி எடுக்கவும்தான் விட்டார்களாம். இதற்கா புது வெள்ளைச் சேர்ட் தைத்துக் கொடுத்தேன்?
(ஒரு தாய், உவர்மலை)

பதில்: பிளேன்ரீ வாங்கப் போனதில் பிழையில்லை அம்மா. யாருக்குச் சீனி கூட, யாருக்குச் சீனியே கூடாது, யார் காசை முதலில் நீட்டுகிறார், யார் "பிறகு தாறன் தம்பி" என்கிறார், யாருடைய கோப்பை எப்போதும் ஆறிக் கிடக்கிறது... ஒரு கந்தோரின் நிர்வாகம் முழுவதும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. பத்து நாளும் அதே தட்டைத் தூக்க விட்டதுதான் பிழை.

பிள்ளை என்ன படிக்க வந்திருக்கிறான் என்று அங்கே எவருக்கும் தெரிந்திருக்காது. தெரிவிக்க வேண்டியது நாங்கள். அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள். பிள்ளைக்குப் பொறுப்பான ஆள் யார், அவன் பார்க்க வேண்டிய மூன்று வேலைகள் எவை, பாடசாலையிலிருந்து ஆசிரியர் எந்த நாள் வந்து பார்ப்பார் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். மூன்றாவதுதான் முக்கியம். ஆசிரியர் வருகிறார் என்றால் தட்டு தானாகக் கைமாறும்.

கேள்வி: ரெயினிங் என்றால் சம்பளமில்லாத வேலைதானே? மழுப்பாமல் சொல்லவும்.
(மழுப்பாதவன், சீனக்குடா)

பதில்: சம்பளமில்லாத வேலை என்றால் அது கலியாண வீட்டு வேலை. ரெயினிங்கில் கற்றுக்கொடுக்க ஒரு ஆளாவது இருக்க வேண்டும். கலியாண வீட்டில் அதற்கு ஊரே இருக்கும்.

கேள்வி: 13 வருடக் கல்வியில் தொழிற்பாடப் பிரிவில் சேர விருப்பம். அது ஓ.எல். பெயிலானவர்களுக்கு என்று ரியூசன் சேர் சொல்கிறார். உண்மையா?
(தரம் 11 மாணவி, மூதூர்)

பதில்: பாதி உண்மை, அதுவும் தலைகீழாகப் பிடித்த பாதி. 2017இல் 42 பாடசாலைகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியபோதே, ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் சேரலாம் என்றுதான் கதவைத் திறந்தார்கள். பெயிலானவரும் வரலாம் என்பதை, பெயிலானவர்தான் வரலாம் என்று ஊர் வாசித்துவிட்டது. ஒரு 'உம்' இடைச்சொல் செய்த வேலை.

உள்ளே நடப்பது இது. தரம் 12இல் மொழி, தகவல் தொழினுட்பம் போன்ற பொதுப் பாடங்களோடு தொழில்களுக்கு ஓர் அறிமுகம். பிறகு 26 தொழிற்பாடங்களில் ஒன்றை எடுத்து, பயிற்சி நிலையத்திலும் வேலைத்தளத்திலும் கையால் பழக வேண்டும். ஒழுங்காக முடித்தால் தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம். அந்தத் தகைமை 7 மட்டம் வரை போகிறது, 7ஆவது பட்டத்துக்குச் சமம். ஆகவே இது முட்டுச்சந்து அல்ல. ஏ.எல். நெடுஞ்சாலை என்றால் இது உள்வீதி. சில நேரம் உள்வீதியால் போனவன்தான் முதலில் சேருகிறான்.

உங்கள் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்விக் கந்தோரில் கேளுங்கள். ரியூசன் சேரிடம் கேட்க வேண்டாம். அந்தப் பிரிவுக்கு இன்னும் ரியூசன் கிளாஸ் பிடிக்க முடியவில்லை என்ற கவலை அவருக்கு.

கேள்வி: வாப்பா கடற்றொழில். ரெயினிங்குக்கு இடம் பிரித்தபோது என்னை மட்டும் மீன்பிடிக்குப் போட்டார்கள். "உனக்குத்தான் கடல் தெரியுமே" என்றார் சேர். டொக்டர் மகனுக்கு ஆஸ்பத்திரி கிடைத்தது. எனக்குக் கவலையாக இருக்கிறது.
(தரம் 11 மாணவன், கிண்ணியா)

பதில்: கவலைப்பட வேண்டியது நீயல்ல தம்பி. சேர் கெட்டவரும் அல்ல. அவர் செய்தது ஒரு பழைய பிழை, அதற்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது.

1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் படிப்பை நாளுக்கு மூன்று மணித்தியாலமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். வண்ணான் மகன் வெளுக்க, குயவன் மகன் வனைய. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியார் கிளம்பினார், தி.மு.க. கிளம்பியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இங்கேயும் ஒரு கதை உண்டு. 1972 கல்விச் சீர்திருத்தத்தில், பதியுதீன் மஹ்மூத் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், தொழில் முன்னிலைப் பாடம் என்று ஒன்று வந்தது. அந்தந்த ஊரின் தொழிலைப் பாடசாலையில் படிப்பது. கரையோரத்தில் மீன்பிடி, வேறிடத்தில் மட்பாண்டம், இன்னோரிடத்தில் மேசன் வேலை. எண்ணம் நல்லது, கையழுக்காகாத படிப்பு நாட்டுக்கு உதவாது என்று நினைத்தவர்கள் செய்தது. ஆனால் கரையோரப் பிள்ளை வலையைப் படித்தான், நகரத்துப் பிள்ளையின் வீட்டார் எப்போதும்போல டொக்டர் கனவையே கண்டார்கள். 1977இல் ஆட்சி மாறியது, பாடமும் போனது.

இரண்டிலும் பிழை ஒன்றுதான். பிள்ளைக்குத் தெரிந்த கதவையே திரும்பத் திறந்து காட்டினார்கள். ரெயினிங் என்பது பிள்ளை தன் வீட்டுக் குசினிக்குள் பின்வாசலால் போய் வருவதற்கல்ல. கடல் உனக்குத் தெரியும் என்பதால்தான் உன்னை வேறிடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். கடல் தெரியாத டொக்டர் மகனைத்தான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியப்புறம் நாலு மணிக்கு நிறுத்தியிருக்க வேண்டும். ஐஸ் எவ்வளவு, மீன் எவ்வளவு, நாலு நாள் கடலில் கிடந்த மீன் எப்படி மணக்கும் என்று அவன் படிக்கட்டும். பிற்காலத்தில் வயிற்றுப்போக்கு நோயாளி வரும்போது உதவும்.

சேரிடம் போய், "மீன்பிடிதான் என்றால் வள்ளத்தை விட்டுப் பிடிபட்ட மீனைப் பரிசோதிக்கும் இடத்துக்கு, அல்லது எஞ்சின் திருத்தும் இடத்துக்கு மாற்றித் தாருங்கள்" என்று மரியாதையாகக் கேள். வாப்பாவுக்குத் தெரியாத ஒன்றோடு வீட்டுக்கு வந்தால், அன்றைக்கு இராச்சாப்பாட்டில் பேச்சு உன்னுடையது.

கேள்வி: சிங்களம் தெரியாமல் ரெயினிங் போகலாமா?
(தரம் 11 மாணவன், சம்பூர்)

பதில்: தாராளமாக. 'ஹரி' என்ற ஒரு சொல்லை வைத்தே முதல் இரண்டு நாளை ஓட்டலாம். மூன்றாம் நாள், 'ஹரி' சொல்லக்கூடாத ஓரிடத்தில் சொல்லி மாட்டுப்படுவீர்கள். மொழி அன்றைக்குத்தான் தொடங்கும். உங்களோடு வரும் கந்தளாய்ப் பிள்ளைக்கும் 'சரி சரி' என்ற இரண்டு சொற்கள்தான் தெரியும் என்பதில் ஆறுதலடையுங்கள்.

கேள்வி: துறைமுகத்துக்குள்ளே போய்ப் பார்க்க ஆசை. வாசலில் 'பாஸ் இருக்கா?' என்கிறார்கள். எங்கே எடுப்பது?
(தரம் 10 மாணவன், பாலையூற்று)

பதில்: எங்கள் ஊர்த் தமிழில் பாஸ் மூன்று. பரீட்சையில் எடுப்பது ஒன்று. வாசலில் காட்டுவது ஒன்று. மூன்றாவது, வேலை தெரிந்த மனிதனுக்கு ஒல்லாந்தர் விட்டுப்போன பெயர். மேசன் பாஸ் என்கிறோமே, அந்தப் பாஸ்.

வாசல் பாஸைத் தனியாளாக எடுக்க நினைக்க வேண்டாம். காவலாளியைக் கோபிக்கவும் வேண்டாம். 2004 யூலை 1 முதல் வெளிநாட்டுக் கப்பல் வரும் துறைமுகங்களுக்குப் பொதுவான பாதுகாப்பு விதிக்கோவை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்த பிறகு எழுதப்பட்டது. நியூயோர்க்கில் நடந்ததற்குப் பாலையூற்றுப் பெடியன் வாசலில் நிற்கிறான். உங்கள் அதிபர், பெயர்ப் பட்டியலும் திகதியும் போட்டுத் துறைமுக அதிகாரசபைக்கு எழுத வேண்டும். பத்துப் பேராகக் கேட்டால் பதில் வரும்.

உள்ளே போனதும் மூன்றாவது பாஸைத் தேடிப் பிடித்து அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அதனால் முதலாவது பாஸும் தானாக வரும் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. படிப்பில் மனமில்லை. ஒரு கராஜில் விட்டால் தொழிலாவது படிப்பான்தானே?
(ஒரு தந்தை, குச்சவெளி)

பதில்: இந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்காமல் பதில் சொல்கிறேன். விட முடியாது ஐயா. 2016 முதல் 16 வயது வரை பாடசாலை கட்டாயம். 2021 முதல் வேலைக்கு வைக்கக் குறைந்த வயதும் 16. அதற்கு முன்பு 14ஆக இருந்ததால்தான் பலருக்கு இன்னும் குழப்பம். 16 ஆனாலும் 18 வரை ஆபத்தான தொழில்களில் நிற்கக்கூடாது என்று அரசு பட்டியலே போட்டிருக்கிறது.

பாடசாலை மூலம் போகும் ரெயினிங் வேறு, கராஜில் 'விடுவது' வேறு. முன்னதில் பிள்ளை மாணவன். அவன் எங்கே நிற்கிறான் என்று அதிபருக்குத் தெரியும், மாலையில் வீட்டுக்கு வருவான், வெல்டிங் நெருப்பைக் கிட்ட நின்று பார்க்க மாட்டான், தூக்கிய பாரத்துக்குக் கீழே நடக்க மாட்டான். காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதைப் போகுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் குறை நினைப்பார்கள் என்று பயந்தால், குறை நினைக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். எங்காவது பிள்ளையை வதைத்து வேலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை.

படிப்பில் மனமில்லை என்றீர்கள். எந்தப் பாடத்தில்? ஓ.எல். மூன்றாம் தொகுதியில் இயந்திரத் தொழினுட்பவியல் இருக்கிறது, நீருயிரின வளத் தொழினுட்பவியல் இருக்கிறது. மனமில்லாதது படிப்பிலா, கதிரையிலா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: இங்கே என்ன இருக்கிறது, நெல்லும் மீனும்தானே. மகளைக் கொழும்பில் தம்பி வீட்டில் விட்டு ஒரு கொம்பனியில் ரெயினிங் எடுக்க வைக்கலாமா?
(ஒரு தந்தை, தம்பலகாமம்)

பதில்: தம்பலகாமத்தில் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போகும்போது நீங்கள் வழமையாக நித்திரை போலும். ஒருநாள் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

சீனக்குடாவில் பிறிமா மா ஆலை 1980இலிருந்து ஓடுகிறது. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருகிறது, ஆலைக்குள் உறிஞ்சப்படுகிறது, மாவாகிறது, நாடு முழுவதும் பாணாகிறது. காலையில் நீங்கள் சம்பலோடு சாப்பிட்ட பாணின் சாதகக் குறிப்பு அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் டோக்கியோ சீமெந்து. அங்கே பரிசோதனைக்கு வார்க்கும் சீமெந்துக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். இரண்டு கிழமை ரெயினிங்குக்குப் போன பிள்ளை அந்த முடிவைப் பார்க்காமலே வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் குறை.

எண்ணெய்க் குதங்களை எடுங்கள். வெள்ளைக்காரன் கட்டியவை, இன்று நிற்பவை 99. 2022 சனவரி ஒப்பந்தப்படி லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கொம்பனிக்கு 61. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. இந்த ஊரில் அரசியல் பேசிக் கணக்குச் சரிவந்த அபூர்வமான இடம். கணக்கியல் படிக்கும் பிள்ளைக்கு, 51க்கு 49 என்ற கூட்டுப் பங்கில் முடிவெடுப்பது யார் என்பது ஒரு முழு நாள் பாடம்.

வடக்கே போனால் புல்மோட்டை. கருமணலில் இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும். ரூட்டைல் இழுபடாது, ஆனால் மின்சாரம் கடத்தும். சேர்கோன் இரண்டுக்கும் மசியாது. இந்தக் குணபேதத்தை வைத்துத்தான் ஆலையில் மணலைப் பிரிக்கிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு மாதம் தலையைச் சொறிவதை அங்கே அரை மணித்தியாலத்தில் கண்ணால் பார்க்கலாம். நிலாவெளியில் உப்பளம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. நெல்தானே என்றீர்களே, அந்த நெல்லுக்குத் தண்ணீர் விடும் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரலில் உடைத்துக்கொண்டு வந்த நாள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஒரு கிழமை நின்று, அணைக்கட்டை யார் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று மகள் தெரிந்துகொண்டு வந்தால் தம்பலகாமத்துக்கே நிம்மதி.

இதற்குப் பிறகும் கொழும்புதான் என்றால் அனுப்புங்கள். ரெயினிங்கில் பாதி பஸ்ஸில் போகும், மீதியில் பாதி சித்தப்பா வீட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பதில் போகும்.

கேள்வி: எனக்கு எஞ்சின் பிடிக்கும். வீட்டில் தையலுக்குப் போகச் சொல்கிறார்கள்.
(தரம் 11 மாணவி, நிலாவெளி)

பதில்: போங்கள். போய்த் தையல் மெசினை முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, ஓட வைத்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை வேறு மாதிரி இருக்கும்.

பகிடி போக, இந்த நாட்டில் வேலைக்குப் போகும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார். பெண்ணுக்கு ஆகாத வேலை என்று ஒதுக்கும் பட்டியலைச் சுருக்கினாலே பாதி வழக்குத் தீரும். சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது. கடல் சார்ந்த தொழிற்பயிற்சிகளுக்குச் சாதாரண தரத்தோடு விண்ணப்பிக்க என்ன வழி என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். எந்த வேலைத்தளத்துக்கும் தனியே போகாமல் இருவராகப் போங்கள். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, எஞ்சின் எத்தனை குதிரை வலு என்பதல்ல. கழிவறை எங்கே என்பது. அதற்கு உடனே பதில் வராத இடத்தில் பெண்கள் நிற்பதில்லை என்று அர்த்தம். அதை வந்து உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சுவிசில் இருக்கும் சித்தியின் மகள் 'ஷ்னுப்பர்' போகிறாளாம். அது என்ன வியாதி?
(பெயர் வேண்டாம், உப்புவெளி)

பதில்: மூக்கு சம்பந்தப்பட்டதுதான். 'ஷ்னுப்பர்ன்' என்றால் ஜெர்மன் மொழியில் மோந்து பார்ப்பது. சுவிசில் பிள்ளைகள் பாடசாலை முடிக்குமுன்பே ஒரு பேக்கரியில் இரண்டு நாள், ஒரு வங்கியில் மூன்று நாள், ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு கிழமை என்று போய் நிற்பார்கள். வேலை எப்படி மணக்கிறது என்று பார்க்கத்தான். முதலாளியும் பிள்ளையை மோந்து பார்ப்பார். இரு பக்கமும் பிடித்தால் பயிலுநர் ஒப்பந்தம். அங்கே மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இந்தத் தொழிற்கல்வி வழியால்தான் போகிறார்கள். அதற்காக அங்கே யாரும் தலையில் துண்டு போட்டுக்கொள்வதில்லை, தமிழ்ப் பெற்றோர் சிலரைத் தவிர.

யப்பானில் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் இடைநிலைப் பாடசாலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடை, தீயணைப்பு நிலையம், வயல் என்று போகிறார்கள். இந்தியாவின் 2020 கல்விக் கொள்கையில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

நாங்கள் சந்தையில் ஒரு பாரை மீன் வாங்க, செவுளைத் தூக்கி இரண்டு தரம் மோந்து பார்க்கிறோம். முப்பது வருடம் செய்யப்போகும் வேலையை மட்டும் மோக்காமலே வாங்கி வருகிறோம்.

கேள்வி: மகன் மூன்றாம் நாளே "இது எனக்குச் சரிவராது" என்று வந்துவிட்டான். நேரம் வீண்தானே?
(ஒரு தாய், திருக்கடலூர்)

பதில்: மூன்று நாளில் முடிந்ததா? மலிவு. நாலு வருடம் படித்து முடித்து, கடன் வாங்கி வெளிக்கிட்ட பிறகு இதே வசனத்தைச் சொன்ன பிள்ளைகளின் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: திருகோணமலையில் ரெயினிங் எடுத்து உலகப் புகழ் பெற்றவர் யாராவது உண்டா?
(பொது அறிவுப் பிரியன், கன்னியா)

பதில்: ஆங்கிலேயரைக் கேட்டால் கடற்படைத் தளபதி நெல்சன் என்பார்கள். 12 வயதில் மாமனின் சிபாரிசில் கப்பலேறியவர். ஆம், அங்கேயும் மாமன்தான். 15 வயதில் 'சீஹோர்ஸ்' என்ற கப்பலில் கிழக்கிந்தியக் கடலுக்கு வந்தார். எங்கள் துறைமுகத்தை உலகிலேயே சிறந்தது என்று புகழ்ந்ததாக அவர் பெயரில் ஒரு வாசகம் உல்லாசப் பயண விளம்பரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடல் ரெயினிங் எப்படி முடிந்தது என்பதை அவை போடுவதில்லை. 1776இல் காய்ச்சலில் விழுந்து, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். உங்கள் பிள்ளை இரண்டாம் கிழமை தடிமனோடு திரும்பி வந்தால் ஏசாதீர்கள்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் போதும். நீங்கள் எங்கே ரெயினிங் எடுத்தீர்கள்?
(தரம் 11 மாணவன், உட்துறைமுக வீதி)

பதில்: கடற்கரையில் எஞ்சின் திருத்தும் ஒரு கொட்டிலில். 16 வயது. எங்கள் வள்ளங்களின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் பெற்றோலில்தான் எழும்பும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டுமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, கொஞ்சம் ஓடவிட்டு நிற்பாட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கி அடுத்த நாள் எஞ்சின் எழும்பாது. பாஸ் இதை எனக்கு இரண்டு தரம் சொன்னார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

ஒரு மாலை, திருத்தி முடித்த எஞ்சினை நான்தான் நிற்பாட்டினேன். மண்ணெண்ணெயிலேயே. அடுத்த நாள் விடியப்புறம் நாலு மணிக்குக் கரையில் ஒரு மனிதர் கயிறு இழுத்தார், இழுத்தார், தோள்மூட்டு கழலும் வரை இழுத்தார். ஏழு மணிக்கு அவர் கடலில் இருக்கவில்லை, எங்கள் கொட்டில் வாசலில் இருந்தார். அன்றைக்குக் கீரி மீன் கரையோடு வந்து போனதாம்.

பாஸ் என்னைக் காட்டவில்லை. "என்ர பிழை" என்றார். அந்த மனிதர் போன பிறகும் என்னை ஏசவில்லை. அன்றிலிருந்து கடைசி நாள் வரை, கரைக்கு வந்த ஒவ்வொரு வள்ளத்தின் எஞ்சினையும் என்னைக் கொண்டே நிற்பாட்ட வைத்தார். அதற்குப் பிறகு நான் எஞ்சின் தொழிலுக்குப் போகவில்லை, பேனாவுக்கு வந்துவிட்டேன். ஆனால் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனிதரின் தோள்மூட்டுத்தான்.

கேள்வி: மகன் ரெயினிங்குக்குத் தினமும் பிந்திப் போகிறான். கேட்டால், கோட்டைப் பக்கம் மான்கள் றோட்டை மறித்து நின்றன என்கிறான். நம்பலாமா?
(ஒரு தந்தை, மனையாவெளி)

பதில்: மான் உண்மை. மறித்ததும் உண்மை. 'தினமும்' என்பதில்தான் எனக்குச் சந்தேகம். எதற்கும் அவனுடைய மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் வரும்வரை கொஞ்சம் காத்திருக்க நேரிடலாம், அவரும் அந்தப் பக்கத்தால்தான் வருகிறார்.